புகை வீட்டுச் சுவரில் காய்ந்த வற்றல்

1

பொன்னமராவதி வாசகசாலை நண்பர்களே, உங்கள் கடிதம் வந்தது. "மலாய் நாட்டில் ரப்பர் எஸ்டேட்டில் இருக்கும் நம்மவர்கள் காய்கறித் தோட்டம் போட்டு வெள்ளைக்காரனிடம் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களாமே! நித்தம் மழை பெய்கிற சீமையில் வற்றல் வேறு போட்டீர்களாமே! விவரத்தை நாலு பக்கம் எழுதி அனுப்பு, நம் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுது என்று யாராவது சொல்லி நான் மாட்டேன் என்றதே கிடையாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு அந்த வியாதி உண்டு. அந்த வியாதி இங்கே என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். வற்றல் போடுகிற முறை மட்டும் போதும் என்பவர்கள் மூன்றாவது பகுதியை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் வந்தது உண்மைதான். இரண்டு மாசத்துக்கு முன்னால் எங்கள் மானேஜர் (இங்கே எல்லாரும் துரை என்பார்கள்) கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துவந்து, பள்ளிக்கூடத்தில் மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை, அரைச் சுவர், ஐந்து பெஞ்சு, முப்பத்தொரு பிள்ளைகள், அவர்களுக்கு நான் ஒருவன். நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கேட்டார்கள்.

"இது யாருக்குக் குடுத்தது ஸார்?"

"நம்ம எஸ்டேட்டுக்கு. காய்கறித் தோட்டம் நல்லா இருந்துச்சுன்னு."

"எது ஸார்? அடைக்கியக்கா போட்டதா? அங்க இப்ப லாலாங்குல்ல மண்டிக் கெடக்கு?"

லாலாங் என்பது இங்கே ஆள் முழங்கால் உயரம் வளர்கிற ஒரு புல். வெட்டினால் நாலாம் நாள் திரும்ப நிற்கும். சட்டம் ஏற்கெனவே உறுதியாகத்தான் நின்றது. ஆனாலும் இன்னொரு ஆணி அடித்தேன்.

2

ஊரை விட்டு வந்தவன் ஊரைப் பற்றி உருகுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு உருக்கம் வருவதில்லை. நார்த்தாமலை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பிடரியைச் சுடுகிற வெயில்.

மாசி பிறந்தால் எங்கள் கிணற்றில் இறைக்கிற சால் தரை தட்டும். கொல்லையில் அதற்கப்புறம் வருவது காயா? கோணலும் முத்தலும் புழு கடித்ததும்தான். கீரனூர்ச் சந்தைக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். ஆத்தா அதையெல்லாம் பறித்து, நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு கொதி விட்டு, மோரில் ஊறவைத்து, விடிந்ததும் கூடையில் சுமந்துபோய் மலையடிப் பாறையில் பரப்புவாள். பத்து மணிக்கெல்லாம் பாறை தோசைக்கல்லாகிவிடும். கொத்தவரங்காய் மூன்றாம் நாள் சுள்ளியாக ஒடியும். காக்கை ஓட்ட நான். ஒரு கையில் குச்சி, ஒரு கையில் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். அங்கே உட்கார்ந்துதான் நான் இந்தப் பாறையை விட்டுப் போகத்தான் போகிறேன் என்று தீர்மானம் செய்தேன்.

வீட்டில் ஆறு பானை வற்றல் இருக்கும். சோறு ஒரு வேளைதான் இருக்கும். வற்றல் என்றால் செழிப்பில் மிஞ்சியது என்று பட்டணத்துக்காரர்கள் நினைப்பார்கள். நம் பக்கம் அப்படி இல்லை. வரப்போகிற நாலு மாசத்தை நினைத்துப் பயந்து, அந்தப் பயத்துக்கு உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷில் எழுதி ஒருவரிடம் கொடுத்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டேன்.

3

எஸ்.எஸ்.எல்.சி. தேறி, சமஸ்தானத்து ஆபீஸ் ஒவ்வொன்றிலும் வணக்கம் போட்டுப் பார்த்து, கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். பினாங்கில் ஒரு வாரம் தீவில் அடைத்துவைத்து, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து விட்டார்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியார் உத்தியோகம். ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். கூலியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அப்போதுதான் எனக்கு யோசனை தோன்றியது. லயத்துக்குப் பின்னால், அதாவது கூலி ஜனங்கள் குடியிருக்கும் நீள வீடுகளுக்குப் பின்னால், சும்மா கிடக்கிற மண்ணில் ஏன் காய் போடக்கூடாது?

விதை வாங்க டவுனுக்குப் போனேன். மலாய் மொழி பழக ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கத்தரிக்காய்க்கு வார்த்தை தெரியாமல் கடைக்காரருக்குச் சிலேட்டில் வரைந்து காட்டினேன். அவர் உள்ளே போய்த் துணியால் துடைத்து, பத்திரமாக ஒரு மின்சார பல்பைக் கொண்டுவந்து வைத்தார்.

செடி வந்தது. இந்த மண்ணில் குச்சியை நட்டாலும் தழைக்கும். ஐப்பசி மழை கனத்தால் வேர் அழுகிவிடும் என்று கேள்விப்பட்டு, அதற்கு முன்னால் இருந்த காயையெல்லாம் பறித்து, ஆத்தா செய்தபடியே வேகவைத்து, மோரில் போட்டு, வாசலில் பாய் விரித்துப் பரப்பினேன். மத்தியானம் ஒரு மணிக்கு மழை. மறுநாளும் ஒரு மணிக்கு மழை. இந்த ஊர் மழை கடிகாரம் பார்த்து வரும். நாலாம் நாள் பாயில் இருந்தது பச்சைப் பூசணம். அதையும் விடாமல் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.

"என்ன வாத்தியாரய்யா, பயறு முளை கட்டுறீங்களா?"

பால் வாளியோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள். முப்பது வயது இருக்கும். பால்மரம் வெட்டிவிட்டு, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்துவிட்டு, வருகிறவள். கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருந்தது.

"வத்தல் போடுறேன்."

"வத்தலா! மூணு நாளா பாத்துக்கிட்டுத்தான் போறேன், இது மோந்து பாக்குற வத்தலா, திங்குற வத்தலான்னு தெரியலை. எங்கிட்டு உங்களுக்கு?"

"நார்த்தாமலைப் பக்கம்."

வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "அட பாவி மகனே! எனக்குக் குன்னாண்டார்கோயிலு. அதான பாத்தேன், பாறையில காய வைக்கிற பயதான் இப்படித் தரையப் பாத்துப் பரப்புவான். தம்பி, இங்க சூரியன நம்பாத. வா, காட்டுறேன்."

அவள்தான் அடைக்கி. காட்டியது புகை வீட்டை. ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கி, ஒரு கட்டடத்துக்குள் தொங்கவிட்டு, வெளியே அடுப்பு மூட்டிப் புகையும் சூடும் உள்ளே விட்டு உலர்த்துவார்கள். அந்த அடுப்பு பகலும் இரவும் அணையாது. அடுப்பு வாய்க்கு மேலே விறகு நனையாமலிருக்க ஒரு தகரச் சாய்ப்பு. அதற்குக் கீழே செங்கல் சுவர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவரை ஒட்டி அவள் மூங்கில் தட்டி கட்டி, கொத்தவரையும் பாகலும் பரப்பியிருந்தாள். மழை வெளியே கொட்டுகிறது. உள்ளே காய் மொறுமொறுவென்று ஒடிகிறது.

முறை கேட்டீர்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். மோர் இங்கே அரிது. மோர்மிளகாய்க்கு மட்டும் மோரை வைத்துக்கொண்டு, மற்றதற்கு வடித்த கஞ்சியைப் புளிக்கவைத்து உப்புப் போட்டு ஊறவைத்தாள். உப்பு நம் ஊர் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும்; காற்றில் ஈரம் அதிகம். மிளகாயைப் பகலில் தட்டியில் போட்டுச் சாயங்காலம் திரும்ப மோரில் போடுவாள், மோர் முழுதும் மிளகாய்க்குள் போகிற வரைக்கும். சுவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் தட்டி இருக்க வேண்டும். ஒட்டினால் காய் கருகும். அடுப்பு வாய்க்கு நேராக வைத்தால் புகை ஏறும். காய்ந்ததும் மண்ணெண்ணெய் டின்னைக் கழுவிப் பழக்கி, வாயை மெழுகால் அடைத்துவிடுவாள். புகை வீட்டு ஆளுக்கு டின்னுக்கு ஒரு கை வற்றல்.

இவ்வளவுதான். கிழித்துக்கொள்ளுங்கள்.

4

அடைக்கி ஊரை விட்டு ஓடி வந்தவள். எந்த ஜாதிக்காரனோடு ஓடினாள் என்பது உங்களுக்குத் தேவையில்லை. உங்களில் சிலருக்கு அது மட்டும்தான் தேவை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கிற கங்காணியிடம் பெயர் கொடுத்து வந்துவிட்டார்கள். வந்த நாலாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போனான். கையில் பாக்கியம் என்று ஒரு பெண்.

"ஊருக்கு ஒரு தடவை போய் வரலாமே அக்கா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். நான் எதையும் உடனே கேட்டுவிடுகிறவன்.

"எங்க அண்ணன் எனக்குக் கருமாதி பண்ணிட்டான் தம்பி. எள்ளுந்தண்ணியும் எறைச்சு, தலையும் முழுகியாச்சு. செத்தவ திரும்பிப் போயி வாசல்ல நின்னா பேய்னுல்ல வெரட்டுவாக?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எனக்கு ஊருன்னா இந்தச் செக்ரோலுதான். பெரட்டுல காலையில எம் பேரக் கூப்புடுறாகள்ல, அதான் எனக்கு ஊரு."

பெரட்டு என்பது விடியற்காலம் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. செக்ரோல் என்பது அந்தப் பெயர்கள் எழுதிய புத்தகம். அதில் பெயர் இருந்தால் வேலை, லயத்து வீடு, அரிசி, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் எல்லாம் உண்டு. பெயர் இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

பாக்கியம் என்னிடம்தான் படித்தாள். பத்து வயது. எண்ணச் சொன்னால் "சாத்து, துவா, தீகா" என்று மலாயில் எண்ணிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அம்மா வற்றல் பொரித்துப் போட்டால் தட்டைத் தள்ளுவாள்.

"ரப்பர் வாடை அடிக்கிது."

"ஆமாடி, ஒங்கப்பன் மெத்தையில படுத்து வந்தவன். தின்னுடி, ஊருச் சாப்பாடு."

"ஒன் ஊருதானே? நீயே தின்னு."

'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். பாக்கியம் ஆற்றையும், ரயில் ஸ்டேஷனையும், சீனன் கடையில் தொங்குகிற வாத்தையும் பற்றி எழுதினாள். அழகாகத்தான் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, 'உன் ஊர் இது அல்ல; குன்றாண்டார்கோவில் பக்கம்' என்று ஓரத்தில் எழுதினேன். பெரிய தேசபக்தன் நான்.

5

அடைக்கியைப் பார்த்து மற்ற பெண்களும் தோட்டம் போட்டார்கள். புகை வீட்டுச் சுவர் முழுக்கத் தட்டி. இருபத்திரண்டு வீட்டில் டின். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியுமா? இங்கிலீஷில் ஆறு பக்க அறிக்கை எழுதினேன். இரண்டு தடவை நகல் எடுத்தேன். தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. மாதிரிக்கு ஒரு குடும்பத்தைக் காட்ட வேண்டுமல்லவா? அடைக்கியைக் காட்டினேன். ஒரு விதவை, உதவி யாருமில்லை, தன் உழைப்பால் மரவள்ளியும் காயும் பயிர்செய்து, மழைக்காலத்துக்கும் சேமித்து, தன் காலில் நிற்கிறாள் என்று எழுதினேன். 'செல்ஃப் சப்போர்ட்டிங்' என்ற வார்த்தையைப் புதுக்கோட்டையில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் சொல்லிக் கேட்டதிலிருந்து எங்கேயாவது போட வேண்டும் என்று வைத்திருந்தேன். மூன்று இடத்தில் போட்டேன்.

பத்து நாள் கழித்துத் துரை கூப்பிட்டனுப்பினார். வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு ஓடினேன். ஆபீசில் துரை, பக்கத்தில் பெரிய கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. இவர் எல்லாருக்கும் மேல். துரை கையில் என் அறிக்கை.

இதில் உள்ளது எல்லாம் உண்மைதானா என்று துரை கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையும், ஸார்."

இந்தப் பெண்பிள்ளை சாப்பிடுகிறதைத் தானே விளைவித்துக்கொள்கிறாளா?

"ஆமாம் ஸார். மிஞ்சவும் மிஞ்சுகிறது."

பெரிய கிராணி என்னைப் பார்த்து இருமினார். நான் கவனிக்கவில்லை. கேட்காததையும் சொன்னேன். அரிசி குறைந்தபோது மரவள்ளியை வைத்தே அவள் எப்படிச் சமாளித்தாள் என்று விவரித்தேன். துரை பென்சிலால் ஒரு கோடு போட்டார். நல்லது வாத்தியார், நீ கெட்டிக்காரன் என்றார். இந்த அறிக்கையை ஜில்லாக் கண்காட்சிக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். நான் வெளியே வந்து, பால்மரத்து நிழலில் நின்று, தனியாகச் சிரித்தேன்.

அந்தப் பென்சில் கோடு எதற்கு என்று மறுநாள் பெரட்டில் தெரிந்தது. அடைக்கி வேலை செய்கிற வரிசையில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரில் யார் என்று யோசித்தார்களாம். இன்னொருத்திக்குச் சீக்காளிப் புருஷனும் மூன்று பிள்ளைகளும். அடைக்கிதான் வேலை இல்லாமலே பிழைத்துக்கொள்வாளே? அதற்கு எழுத்தில் அத்தாட்சி இருக்கிறதே?

பெயர் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். அடைக்கி பெயர் வர வேண்டிய இடத்தில் அடுத்த பெயர் வந்தது. "ஏ கிராணி, என்னைய விட்டுட்டீக" என்று அவள் சத்தமாகச் சிரித்தாள். இரண்டாவது தடவை அவள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

6

ஓடினேன். ஓடுவது எனக்குப் பழக்கம்தான். துரை டவுனுக்குப் போயிருந்தார். பெரிய கிராணி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஆளக் குறைச்ச பட்டியல் சர்க்கார் லேபர் ஆபீசுக்குப் போயாச்சு வாத்தியார்."

"அந்த மண்ணும் வீடும் எஸ்டேட்டோடது ஸார். பேரை எடுத்துட்டா அவ எங்க பயிர் செய்வா? எதை வச்சுச் சாப்பிடுவா?"

"அதை ஆறு பக்கத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து அவ்வளவு இருமினேனே, காசநோய்னு நெனச்சீங்களா? இப்பப் போய் நீங்க எழுதினது மிகைன்னு நீங்களே சொன்னா, அடுத்த பட்டியல்ல உங்க பேர் இருக்கும். அவ பேர் திரும்ப வரவும் வராது. ரெண்டு பேர் போறதுக்கு ஒருத்தி போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது ஆறுதல். அதுவும் ஒரு நிமிஷம்தான் என்று எழுத ஆசை. அதையும் எழுதவில்லை.

பக்கத்து எஸ்டேட்டுகளில் கேட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஆள் குறைப்பு. எட்டு நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஊருக்குப் போகிறேன் என்றால் சர்க்கார் கப்பல் டிக்கெட் கொடுக்கும். வேறு வழி கிடையாது.

மூன்றாம் நாள்தான் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வந்தது. தோட்டத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டிருந்தாள்: பிஞ்சு, முத்தல், கோணல், பழுத்த மிளகாய், பச்சை மிளகாய். நம் பக்கத்தில் கடைசிப் பறிப்பில் என்ன பறித்தாலும் செடிக்கு ஒரு காயை விதைக்கு விட்டு, கந்தல் துணி கட்டிவைப்பார்கள். வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் அதில் கை படாது. அவள் தோட்டத்திலும் கட்டியிருந்தாள், நீலத் துணி. நான் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு துணியாக அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் காயையும் பறித்தாள்.

"அக்கா, அது விதைக் காயி."

"தெரியும் வாத்தியாரே."

அதுவரைக்கும் நான் தம்பி.

"நான் நல்லதுக்குத்தான் எழுதினேன்."

"கெட்டதுக்கு எழுதுனீங்கன்னு நான் சொல்லலையே." ஒரு வெள்ளரியை நிமிண்டிப் பார்த்துக் கூடையில் போட்டாள். "வத்தல் போடுறேன்னு எழுதுனீங்களே, எதுக்குப் போடுறேன்னு கேட்டீங்களா? மிஞ்சிப் போயா போட்டேன்? ஒரு வாரம் காச்சல்ல படுத்தாப் பேரடிச்சிருவாகளோன்னுதான் போட்டேன். பயந்தவ சேத்து வச்சா, நீங்க அதப் பவிசுன்னு எழுதிட்டீக."

பாக்கியம் வாசலில் ஒரு டின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் கடந்து போகும்போது நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். பள்ளிக்கூடத்து நோட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"நீயே வச்சுக்கம்மா."

"வேணாம் ஸார். இந்த ஊரு என் ஊரு இல்லைன்னு நீங்கதானே தப்புப் போட்டீங்க. அங்க போயித் திருத்தி எழுத வேற நோட்டு வாங்கிக்கிறேன்."

குத்திக்காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. பத்து வயதுப் பிள்ளை நிஜமாகச் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம்.

நண்பர்களே, நீங்கள் சைக்கிளில் குன்றாண்டார்கோவில் பக்கம் போகிறவர்கள்தானே? பத்து மாசம் ஆகிறது. தமிழ் எழுதத் தெரிந்த, மலாயில் எண்ணுகிற ஒரு பெண்ணும் அவள் தாயும் எந்த வாசலிலாவது நிற்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். அண்ணன் வீட்டில் இருக்க மாட்டார்கள். சத்திரத்திலும் கல் உடைக்கிற இடத்திலும் பாருங்கள். உங்கள் நாலு பக்கத்துக்கு நான் கேட்கிற கூலி அது.

7

லேபர் ஆபீசுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் கூட வர வேண்டும் என்பது சட்டம். காலை ஏழு மணிக்குப் போய், மத்தியானம் மழை பிடிக்கிற நேரத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். டின்கள் எல்லாவற்றையும் குமாஸ்தா திறந்து பார்த்தான். விதை இருக்கிறதா, செடி இருக்கிறதா, கப்பலில் ஏற்றக்கூடாது. "காஞ்ச காய்தான்" என்றேன். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான்.

பிறகு நிரப்ப வேண்டிய ஃபாரம். பெயர், வயது, புருஷன் பெயர். பிறந்த ஜில்லா?

"புதுக்கோட்டை."

அவனுடைய அச்சுப் பட்டியலில் புதுக்கோட்டை இல்லை. அது ஜில்லா அல்ல, தனிச் சமஸ்தானம், ராஜா இருக்கிறார் என்று விளக்கினேன். ராஜாவுக்கு இதில் கட்டம் இல்லை என்றான். திருச்சினாப்பள்ளி என்று எழுதினான். செத்துப்போனதாக ஊரில் கருமாதி முடிந்தவள், தான் பிறக்காத ஜில்லாவுக்குப் போனாள்.

கடைசிப் பக்கம் மூன்று பிரதி. 'இவள் எவருடைய வற்புறுத்தலுமின்றி, தன் சொந்த விருப்பத்தின் பேரில், ஊருக்குத் திரும்ப அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறாள்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கோடு. ஒன்று அவள் ரேகைக்கு. மற்றது, இதை அவளுக்குத் தமிழில் வாசித்துச் சொல்லி, அவள் ஒப்புக்கொண்டது உண்மை என்று சாட்சி போடுகிறவனுக்கு.

வாசித்துச் சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூட மழுப்பவில்லை.

"நானாக் கேட்டேனாமா?" என்றாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நீங்க எழுதுனதா?"

"இல்லை. அச்சு."

குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் சொன்னேன்: இது உண்மை இல்லை, இவள் கேட்கவில்லை, பெயரை அடித்தார்கள். அவன் பேனாவைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை, அன்று காலையிலிருந்து அவன் நாற்பது பேரைப் பார்த்திருப்பான். "அப்படியானால் டிக்கெட் கிடையாது. நாளைக்கு இவள் பிள்ளையோடு ரோட்டில் நிற்பாள். உங்களுக்கு எது வேண்டும், உண்மையா கப்பலா?" என்றான்.

கேட்டவுடன் பதில் சொல்கிறவன் நான். அன்று அடைக்கி பக்கம் திரும்பினேன்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அடைக்கி. சொன்னேன். அவள் மைத்தட்டைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலை அழுத்தி, மூன்று தாளிலும் ரேகை வைத்தாள். ரப்பர் பால் ஊறிப்போன விரலில் கோடு சரியாக விழவில்லை. குமாஸ்தா இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். வைத்தாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"போடுங்க வாத்தியாரே. நீங்க எழுதுனாத்தான் அவுக நம்புவாக."

போட்டேன். மூன்று தாளிலும், தெளிவாக.